செருப்பில் வெட்டிய வட்டம்

ஏழாங்கட்டைத் தோட்டம்,
லாயாங் லாயாங்.
11-3-1934

தம்பி காளியப்பனுக்கு உன் அண்ணன் பெண்டாட்டி பேச்சியம்மாள் எழுதுவது.

நலமா என்று கேட்க இதை எழுதவில்லை. உன் அண்ணன் போய் முப்பத்தேழு நாள் ஆகிறது. கருமாதிக்கு வந்தாய். மொட்டை போட்டாய். பந்தியில் உட்காராமல் ரயிலுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிட்டாய். ஜொகூர் பாரு ரயில் இங்கே நாலு மணிக்குத்தான் வரும். நீ போனது ஒன்றரைக்கு. அன்றைக்கு எனக்கு அழ மட்டும்தான் தெரிந்தது. இப்போது யோசிக்கத் தெரிகிறது.

என்னை ரப்பர்ப் பால்வெட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். துரை பங்களாவில் கூட்டிப் பெருக்கி, குளிக்கிற அறையும் கக்கூசும் கழுவுகிற வேலை. வேண்டாம் என்றால் கூலி லயத்து அறையைக் காலி செய்யணும் என்று ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணி சொன்னார். ஒத்துக்கொண்டேன். தோட்டத்துத் தண்ணிக்காரர் வீரமுத்துவின் பெண்டாட்டி கக்கூஸ் கழுவுகிறாள் என்று பேசுகிறவர்கள் பேசட்டும்.

அந்தச் சங்கிலிக் கக்கூஸ் நீ மாட்டியது. ரெண்டு வருசம் முன்னால் உன் சீன முதலாளியோடு வந்து சுவரில் இரும்புப் பெட்டி ஏற்றிவிட்டுப் போனாய். இப்போது அந்தப் பெட்டியில் தண்ணீர் ஏறமாட்டேன் என்கிறது. ஒரு தடவை இழுத்தால் மறுபடி நிறைய ஒரு மணி நேரம். துரை சங்கிலியை இழு இழு என்று இழுத்துவிட்டுக் கத்துகிறார். நான் வாளியில் சுமந்து ஊற்றுகிறேன்.

இந்தக் குறைக்காகத்தான் உன் அண்ணன் செத்தார். "பெட்டியில தண்ணி ஏறல, மேட்டுத் தொட்டியில என்னன்னு பாரு" என்று கிராணி அனுப்பினார். இவர் ஏறினார். இரும்பு ஏணி பூராவும் பாசி. விழுந்தார். இப்போது கிராணி என்னிடம் சொல்கிறார், "ஒன் கொழுந்தன் பழைய சாமானைப் போட்டுட்டுப் புதுசை வித்திருப்பான். அவன் மாட்டுனது சரியா இருந்தா ஒன் புருசன் ஏன் ஏறப்போறான்?" அதை உன்னிடமே கேட்கிறேன். உனக்குத் தெரிந்தால் எழுது.

இன்னொன்று. அவருடைய செருப்பை எடுத்து வைத்திருக்கிறேன். துடைக்கும்போது பார்த்தேன். இடது செருப்பில், குதிகால் பக்கம், மேல் தோலில் ஒரு வட்டம் வெட்டி எடுத்திருக்கிறது. எலி கடித்ததில்லை. ஓரம் கத்தி போட்ட மாதிரி சுத்தமாக இருக்கிறது. என்னோடு பால்வெட்டிய பக்கத்து வீட்டுக் கருப்பாயி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள், "அக்கா, காலடி மண்ணு கெடைக்காட்டி செருப்புத் தோலைத்தான் எடுப்பாங்க. செய்வினைக்கு." பொங்கலுக்கு முன்னால் அந்தச் செருப்பு முழுசாக இருந்தது. பொங்கலுக்கு நம் வீட்டில் மூன்று நாள் தங்கியது நீ ஒருத்தன்தான்.

அந்தச் செருப்பை நீ தொட்டாயா இல்லையா. அதை மட்டும் எழுது.

பேச்சியம்மாள்


ஜொகூர் பாரு
18-3-1934

மதினிக்குக் காளியப்பன் வணக்கத்தோடு எழுதிக்கொண்டது.

கடிதம் வந்தது. நாலு தரம் படித்தேன். அண்ணன் செருப்பை நான் தொடவில்லை. எனக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. கருப்பாயி பேச்சைக் கேட்டு மனசைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

நான் பழைய சாமான் எதுவும் போடவில்லை. பெட்டி, குழாய், செம்புப் பந்து எல்லாம் சிங்கப்பூரிலிருந்து புதுசாக வந்தது. வைக்கோல் கட்டைப் பிரித்தது நானும் அண்ணனும்தான்.

தண்ணீர் ஏன் ஏறவில்லை என்று தெரிய வேண்டுமானால் நீங்களே பார்க்கலாம். முக்காலி போட்டு ஏறி மூடியைத் தூக்குங்கள். உள்ளே ஒரு கம்பி, அதன் நுனியில் செம்புப் பந்து. சங்கிலியை இழுத்ததும் தண்ணீர் இறங்கும், பந்தும் கூடவே இறங்கும், குழாய் வாய் திறக்கும். தண்ணீர் ஏற ஏறப் பந்து மிதந்து வந்து வாயை அடைத்துவிடும். அவ்வளவுதான் சங்கதி. பந்தைக் கையால் அமுக்கிப் பாருங்கள். தண்ணீர் விரல் மொத்தத்துக்கு வர வேண்டும். பந்தை மெல்ல ஆட்டிப் பாருங்கள், உள்ளே சலசலப்பு இருக்கக்கூடாது. பிறகு குளிக்கிற அறைக் குழாயைத் திறந்து பாருங்கள். அதில் வேகமாக வந்தால் மேட்டுத் தொட்டியில் குறை இல்லை என்று அர்த்தம்.

பார்த்தால் போதும். பெட்டிக்குப் பக்கவாட்டில் குழாய் சேருகிற இடத்தில் ஒரு பித்தளைத் திருகு இருக்கிறது. அதை மட்டும் நீங்களும் தொடவேண்டாம், யாரையும் தொடவிடவும் வேண்டாம்.

கிராணியிடம் அதிகம் பேசவேண்டாம். எல்லாவற்றையும் எழுத்தில் எழுத முடியாது.

காளியப்பன்


ஏழாங்கட்டைத் தோட்டம்
25-3-1934

காளியப்பனுக்கு,

நீ பொய் சொல்கிறாய்.

பொங்கலுக்கு மறுநாள் நான் பால்வெட்டுக்குப் போயிருந்தேன். கருப்பாயி காய்ச்சலில் வீட்டில் கிடந்தாள். நம் வாசலில் நீயும் உன் அண்ணனும் உட்கார்ந்திருந்தீர்கள். உன் மடியில் அவர் செருப்பு இருந்ததை அவள் பார்த்திருக்கிறாள். "குளிரடிச்சுக் கெடந்தாலும் கண்ணு தெரியாமப் போயிருமா" என்று கேட்கிறாள். உன்னிடம் இருக்கிற அந்த வட்டம் வெட்டுகிற உளியும் எனக்குத் தெரியும். குழாய் ஒழுகாமல் இருக்க உள்ளே வைக்கிற தோல் வாசரை அதில்தான் வெட்டுவாய். இந்த ஓட்டையின் ஓரமும் அப்படித்தான் இருக்கிறது. ஆக, தொட்டது நீ. தொடவில்லை என்று எழுதியதும் நீ.

நீ சொன்னபடி பெட்டியைப் பார்த்தேன். துரை ரப்பர்க் காட்டுக்குப் போன நேரம் ஏறினேன். சமையற்காரச் சீனன் எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனான். பந்தை அமுக்கினால் தண்ணீர் நூல் மாதிரி வருகிறது. ஊசியில் கோக்கலாம், அவ்வளவுதான். பந்தை ஆட்டினால் இளநீர்க் காய் மாதிரி சளக் சளக் என்கிறது. பிறகு பக்கத்து அறைக் குழாயைத் திறந்தேன். பீய்ச்சி அடித்து என் சேலையெல்லாம் நனைந்துவிட்டது.

அந்தக் குழாயில் வேகம் இருந்தால் மேட்டுத் தொட்டியில் குறை இல்லை என்று நீயேதான் எழுதினாய். குறை இல்லாத தொட்டிக்கு உன் அண்ணன் எதற்கு ஏறினார்? பதினெட்டு வருசம் தண்ணீர் பார்த்தவருக்கு உனக்குத் தெரிந்த இந்த ஒன்று தெரியாதா? தெரிந்தே ஏறினாரா? 

இன்னும் ஒன்று கண்டேன். கக்கூஸ் சுவருக்குப் பின்னால், பெட்டியில் நிரம்பி வழிகிற தண்ணீருக்கு ஒரு குழாய் வெளியே நீட்டியிருக்கிறது. அதன் கீழே நாலு வாழை. யாரும் நட்டு ஊற்றாமல் யானை மாதிரி வளர்ந்திருக்கிறது. அடிமண் வெகுநாள் சேறாகக் கிடந்த மண். இப்போது குழாய் நுனிக்கு நேர் கீழே மட்டும் கொஞ்சம் ஈரம், மற்ற இடமெல்லாம் காய்ந்து வெடித்திருக்கிறது. ஒரு காலத்தில் அங்கே ராப்பகலாகத் தண்ணீர் கொட்டியிருக்கிறது. எப்போது குறைந்தது, ஏன் குறைந்தது, எனக்கு விளங்கவில்லை. உனக்கு விளங்கும்.

அந்தத் திருகை ஏன் தொடக்கூடாது என்று எழுதவில்லை நீ. அதற்குள் என்ன வைத்திருக்கிறாய்?

சித்திரை பிறந்ததும் பதினாறாம் தேதி குளுவாங்கிலிருந்து ஒரு சீனப் பைப்புக்காரர் வருகிறார். பெட்டியை அக்கு அக்காகக் கழற்றப் போகிறார்கள். கிராணி ஒரு தாள் எழுதி வைத்திருக்கிறார். நீ மாட்டிய கோளாறால்தான் என் புருசன் செத்தார் என்று அதில் இருக்கிறது. "கையெழுத்தப் போடு, தொரைகிட்ட நான் வைக்கிறேன், அவன் எங்க வேலை பாக்குறான்னு பாத்துக்கலாம்" என்றார். நான் இன்னும் போடவில்லை. வாங்கிப் பானைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

பேச்சியம்மாள்


ஜொகூர் பாரு
31-3-1934

மதினிக்கு,

செருப்பைத் தொட்டேன். வெட்டியது நான்தான். பொய் எழுதியது தப்பு. ஆனால் நீங்கள் நினைக்கிற காரியத்துக்கு இல்லை. என் அண்ணனுக்கு நான் செய்வினை வைப்பேனா?

அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். எனக்காகச் சொல்லவில்லை. என் மேல் பழி வருவதானால் வரட்டும். அந்தத் திருகைக் கழற்றினால் வரப்போகிற கெடுதல் எனக்கு இல்லை. பதினாறாம் தேதிக்குள் நான் வந்து எல்லாம் சரிசெய்துவிடுகிறேன். அதற்குள் யாராவது கை வைத்தால், அது காளியப்பன் செய்த வேலை, எனக்குத் தெரியாது என்று மட்டும் சொல்லுங்கள்.

என் கடிதங்கள் உங்கள் கைக்கு வரும்போது உறை எப்படி இருக்கிறது என்று ஒரு தடவை பாருங்கள்.

காளியப்பன்


ஏழாங்கட்டைத் தோட்டம்
5-4-1934

காளியப்பனுக்கு,

வந்து சரிசெய்கிறேன் என்கிறாய். வந்து மறைக்கிறேன் என்றுதான் எனக்குக் கேட்கிறது. நீ வரவேண்டாம். சனிக்கிழமை துரை ஜொகூர் பாருவுக்குப் போகிறார். உன் அண்ணனுடைய ஸ்பானர் என்னிடம் இருக்கிறது.

பேச்சியம்மாள்


ஏழாங்கட்டைத் தோட்டம்
8-4-1934
(மரியநாதன் கையில் கொடுத்தனுப்பியது)

தம்பிக்கு,

இதைத் தபாலில் போடவில்லை. ஸ்டேசனில் ரயில் பாதை வேலை செய்கிற மரியநாதன் உனக்கும் தெரிந்தவர்தான். அவர் கையில் கொடுக்கிறேன். உன் உறைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எல்லாம் பிரித்து, சோற்றுப் பருக்கை வைத்து மறுபடி ஒட்டியது. ஒன்றில் பருக்கை காய்ந்து அப்படியே இருந்தது. கிராணி மேசை வழியாகத்தான் எல்லாத் தபாலும் வருகிறது. இத்தனை வருசம் எனக்கு யாரும் எழுதியதில்லை, அதனால் தெரியவில்லை.

நேற்று திருகைக் கழற்றினேன்.

கீழே குழாயில் தண்ணீரை நிறுத்துகிற அடைப்பை முதலில் மூடினேன். அவர் அப்படித்தான் செய்வார், பார்த்திருக்கிறேன். ஸ்பானர் ரெண்டு தடவை வழுக்கி விரல் நசுங்கியது. மூன்றாம் தடவை திருகு அசைந்தது. உன் கள்ளத்தனம் இன்றைக்கு என் கையில் வரப்போகிறது என்றுதான் நினைத்துக்கொண்டு திருகினேன். மறைக்காமல் சொல்கிறேன், சந்தோசமாகக்கூட இருந்தது. கிராணியின் தாளை இடுப்பில் செருகி வைத்திருந்தேன்.

உள்ளே ஒரு வட்டத் தோல். நடுவில் ஊசி நுழைகிற அளவு துளை. கறுத்து, ஊறி, வழவழவென்று இருந்தது. ஆனால் ஒரு பக்கத்தில் தையல் போட்ட தடம் இருந்தது. அந்தத் தையலை நான் எங்கேயும் அடையாளம் சொல்வேன். போன வருசம் அவர் செருப்பு வார் பிய்ந்தபோது சாக்கு ஊசியால் தைத்துக் கொடுத்தது நான்.

அதைக் கையில் எடுத்துக்கொண்டு முக்காலியிலிருந்து இறங்கினேன். அவருடைய தோல் கக்கூஸ் குழாய்க்குள் எப்படிப் போனது? யாருடைய வேலை இது? அவருக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியாது என்றால் நீ அவரைக் கொன்றாய். தெரியும் என்றால் எனக்கு என்ன நினைப்பது என்றே தெரியவில்லை.

தோலைத் திரும்ப வைத்துத் திருகை மூடிவிட்டேன். தாள் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. இந்தத் தடவை எல்லாவற்றையும் எழுது. மரியநாதன் புதன்கிழமை திரும்புகிறார்.

பேச்சியம்மாள்


ஜொகூர் பாரு
10-4-1934
(மரியநாதன் கையில்)

மதினிக்கு,

எழுதுகிறேன். நேரில் உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லாமல்தான் பந்தியில் உட்காராமல் ஓடினேன்.

போன வருசம் மழைக்காலத்திலேயே அந்தச் செம்புப் பந்தில் எங்கோ பொத்தல் விழுந்துவிட்டது. பந்துக்குள் தண்ணீர் புகுந்தால் அது மிதக்காது. மிதக்காவிட்டால் குழாய் வாய் அடைபடாது. பெட்டி நிரம்பியும் தண்ணீர் நிற்காமல் வந்து, வெளிக்குழாய் வழியாக நீங்கள் பார்த்த வாழைக்குப் போய்க்கொண்டிருந்தது. துரைக்கு அது குறையாகத் தெரியவில்லை. எப்போது இழுத்தாலும் தண்ணீர் இருந்ததே. ஆனால் ராத்திரி முழுக்க ஓடி மேட்டுத் தொட்டி காலி. பம்பு இஞ்சின் போடுவது காலை ஆறு மணிக்கு. லயத்துச் சனம் குழாயடிக்கு வருவது நாலு மணிக்கு. பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போகுமுன் ஒரு குடம் கிடைக்காமல் நீங்களெல்லாம் நின்றது இதனால்தான்.

அண்ணன் புதுப் பந்து வேண்டும் என்று கிராணியிடம் மூன்று தடவை கேட்டார். "தொரை கக்கூசு நல்லாத்தானே ஓடுது, ஒனக்கென்ன வந்துச்சு?" என்று அனுப்பிவிட்டார்.

பொங்கலுக்கு வந்தபோது அண்ணன் என்னிடம் காட்டினார். ஈயம் வைத்துப் பற்றவைத்தால் தீர்ந்தது. அரை மணி நேர வேலை. ஆனால் நான் பொங்கல் சாப்பிட வந்தவன். ஈயம் உருக்குகிற ஊதுவிளக்கும் இல்லை, ஈயமும் இல்லை. வாசர் உளி மட்டும் பையில் கிடந்தது. "அடுத்த தடவ வரும்போது ஈயம் கொண்டாரேண்ணே, அதுவரைக்கும் தண்ணி வர்ற வாயைச் சுருக்கிருவோம்" என்றேன். புதுத் தோல் இல்லை. அண்ணன் செருப்பைக் கழற்றிக் கொடுத்தார். "வெட்டுடா, ஒன் மதினி பாத்தா எலி கடிச்சுதுன்னு சொல்லிக்கிறேன்" என்று சிரித்தார். நான் வெட்டி, துளை போட்டுக் கொடுத்தேன். அவர் கொண்டுபோய் வைத்தார். அன்றைக்கு ராத்திரியிலிருந்து ஓட்டம் நூலாகிவிட்டது. மேட்டுத் தொட்டியில் தண்ணீர் நின்றது. காலையில் லயத்துக் குழாயில் வந்தது.

ஒரு மாசம் தாங்கும் என்றேன். துளையைச் சின்னதாகப் போட்டுவிட்டேன். தோல் ஊறினால் துளை இன்னும் சுருங்கும் என்பதை யோசிக்கவில்லை. பெட்டி நிறைய நேரமாகத் தொடங்கி, துரை கத்தி, கிராணி அண்ணனை மேலே ஏறச் சொன்னார். மேலே ஒன்றும் இல்லை என்று அண்ணனுக்குத் தெரியும். சொன்னால் தோலைக் காட்ட வேண்டும். துரை பங்களாத் தண்ணீரை வேலைக்காரன் அடைத்தான் என்றால் வேலையும் போகும், அறையும் போகும். அதனால் ஏறிப் பார்த்துவிட்டு வந்ததாகக் காட்டிக்கொள்ளத்தான் ஏறியிருப்பார்.

அந்தச் சேதி எனக்கு வந்தபோது நான் வாங்கிய ஈயக் கட்டி அலமாரியில் இருந்தது. கொண்டுவர நாள் கிடைக்கவில்லை. மதினி, அது இன்னும் அங்கேதான் இருக்கிறது.

சீனப் பைப்புக்காரர் வருமுன் தோலை எடுத்து எறிந்துவிடுங்கள். அது கிடைத்தால் அண்ணன் பெயர் கெடும், உங்களை அறையிலிருந்து இறக்கிவிடுவார்கள். அதற்காகத்தான் நானே வருகிறேன் என்று எழுதினேன். ஆனால் நாளைக்கே பொந்தியானுக்கு வேலைக்குக் கிளம்பணும் என்று முதலாளி நேற்று சொல்லிவிட்டார். இருபத்தோராம் தேதி வரை விடமாட்டேன் என்கிறார். இந்தத் தடவையும் ஈயம் நேரத்துக்கு வராது. தோலை எடுத்துவிட்டால் பழையபடி தண்ணீர் ராத்திரி ஓடி லயத்துக் குழாய் காயும். எனக்கு வேறு வழி தெரியவில்லை. அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டாலும் போடுங்கள். என் தப்பு என்று இருந்துவிட்டுப் போகட்டும்.

காளியப்பன்


ஏழாங்கட்டைத் தோட்டம்
18-4-1934
(மரியநாதன் கையில்)

தம்பி காளியப்பனுக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். நீ எழுதியதில் ஒன்று குறைகிறது. அது உனக்குத் தெரியாது. நான்தான் எழுத வேண்டும்.

மார்கழி மாசம் ஒருநாள் விடிகாலை, குழாயடியில் இருபது பெண்கள் நிற்கிறோம். சொட்டுத் தண்ணீர் இல்லை. இவர் விளக்கை எடுத்துக்கொண்டு பங்களாப் பக்கமிருந்து வந்தார். எல்லாருக்கும் முன்னால் நான் சொன்னேன், "தொரை கக்கூசு குடிக்கிற தண்ணிகூட ஒம்பொண்டாட்டிக்குக் கெடையாதா? நீயெல்லாம் ஒரு தண்ணிக்காரனா?" எல்லாரும் சிரித்தார்கள். கருப்பாயி, "அவரு கையில இருந்தாத்தானேக்கா குடுப்பாரு" என்று எடுத்துக் கொடுத்தாள்.  இவர் வீட்டுக்குப் போய்ப் பாலில்லாத வறக்காப்பி குடித்துவிட்டு வேலைக்குப் போனார். பொங்கலுக்குப் பிறகு தண்ணீர் வந்தது. நான் குடம் நிறைய எடுத்தேன். எப்படி வந்தது என்று ஒருநாள்கூடக் கேட்கவில்லை.

துளை போட்டது நீ என்றால், போட வைத்தது என் வாய். இத்தனை நாள் யார் யார் என்று ஊரையே சந்தேகப்பட்டேன். என்னை மட்டும் விட்டுவிட்டேன். இதை உன்னைச் சமாதானப்படுத்த எழுதவில்லை. நீ ஈயம் கொண்டுவராததை நான் மறக்கப் போவதில்லை. நீயும் என் பேச்சை மறக்க வேண்டாம்.

இனி பெட்டிச் சமாசாரம்.

உன் கடிதம் வந்த புதன்கிழமையே, துரை காட்டுக்குப் போனதும் அடைப்பை மூடிவிட்டுத் தோலை எடுத்தேன். கம்பியிலிருந்து பந்தையும் திருகிக் கழற்றினேன். பெட்டி ரிப்பேர், ரெண்டு மூன்று நாள் வாளிதான் என்று சமையற்காரச் சீனனிடம் சொன்னேன். சுமக்கப்போவது நான்தானே, அவன் தலையாட்டினான். பந்தைத் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, அடுப்புச் சாம்பலில் வைத்துச் சூடு காட்டினேன். உள்ளே இருந்த தண்ணீர் புஸ் என்று ஆவியாக வந்தது, எங்கே பொத்தல் என்று அதுவே காட்டிக்கொடுத்தது. கடுகு அளவுகூட இல்லை. பொத்தலைக் கீழே பார்க்க வைத்து விடிய விடிய வடியவிட்டேன்.

பிறகு கருப்பாயியிடம் ஒரு சிரட்டைப் பால் கேட்டேன். மரத்துப் பால்தான். "எதுக்குக்கா?" என்றாள். "ஒட்டுறதுக்கு" என்றேன். "எதை?" என்றாள். "ஒன் வாயை" என்றேன். அவர் போனபிறகு அன்றைக்குத்தான் நாங்கள் ரெண்டு பேரும் சிரித்தோம். பந்தின் மேல் பால் தடவிக் காயவிட்டு, மறுபடி தடவி, ஏழு தடவை தடவினேன். கருப்பாயி அதைப் புகைக்கூண்டில் ரப்பர்த் தகடுகளுக்கு நடுவில் மறைத்து ரெண்டு நாள் தொங்கவிட்டாள். எடுத்தபோது பழுப்பாக, தேன் பூசின மாதிரி இருந்தது. தண்ணீர் வாளியில் போட்டு அமுக்கிவிட்டால் கையைத் தள்ளிக்கொண்டு மேலே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாட்டினேன். தோல் இல்லாமல் திருகை இறுக்கினேன். அடைப்பைத் திறந்ததும் விரல் மொத்தத்துக்குத் தண்ணீர் பாய்ந்தது. பந்து ஏறியது. ஏறி, பெட்டி நிறையும்போது சத்தம் குறைந்து குறைந்து நின்றுவிட்டது. பெட்டியில் சொட்டுகூட வழியவில்லை. வெளியே ஓடிப் போய் வாழைக்குழாயைப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது. திங்கள் காலை நாலு மணிக்கு லயத்துக் குழாயில் குடத்தை வைத்து மெதுவாக நூறு எண்ணினேன், அதற்குள் நிறைந்தது.

காளியப்பா, ரப்பர்க் காட்டுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு ரெண்டு ஆண்பிள்ளைகள் ஈயத்தைத் தேடியிருக்கிறீர்கள். பால்வெட்டுக்காரி ஒருத்தி பக்கத்தில் இருந்தேனே, ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கலாம். நான் திட்டுவேன் என்று பயந்திருப்பார். திட்டத்தான் செய்திருப்பேன். திட்டிவிட்டு ஒட்டிக் கொடுத்திருப்பேன்.

சீனப் பைப்புக்காரர் சொன்னபடி வந்தார். துரையும் கிராணியும் கூட நின்றார்கள். அவர் திருகைக் கழற்றிப் பார்த்தார், ஒன்றும் இல்லை. மூடியைத் தூக்கிப் பந்தைப் பார்த்துவிட்டு, யார் செய்தது என்று மலாயில் கேட்டார். "சாயா", நான்தான் என்றேன். பந்தைத் தட்டிப் பார்த்து "பாகுஸ், பாகுஸ்", நல்ல வேலை என்று சிரித்தார். பிறகு துரையிடம், இது பழைய பொத்தல், போன வருசமே பந்து மாற்றியிருக்க வேண்டும் என்று சொன்னார். துரை என்னைப் பார்த்து, "உன் புருசன் ஏன் கேட்கலே?" என்றார். அவருக்குத் தெரிந்த தமிழ் அது. "மூணு தடவ கேட்டாருங்க தொரை" என்று சொல்லிவிட்டுக் கிராணியைப் பார்த்தேன். துரையும் பார்த்தார். கிராணி குழாயைப் பார்த்தார்.

அவ்வளவுதான். வேறு ஒன்றும் நடக்கவில்லை. நடக்கும் என்று நானும் நினைக்கவில்லை. ஆனால் மறுநாள் மேட்டுத் தொட்டி ஏணியில் பாசி சுரண்ட ரெண்டு ஆள் போனதை என் கண்ணால் பார்த்தேன். கிராணியின் தாளை அடுப்பில் வைத்துவிட்டேன். சாயங்காலம் தாள் எங்கே என்று கேட்டார். அரிசியோடு வெந்துவிட்டது என்றேன்.

தோலை எறியச் சொல்லி எழுதியிருந்தாய். எறியவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து, செருப்பில் வெட்டின இடத்திலேயே திரும்ப வைத்துத் தைத்துவிடலாம் என்று பார்த்தேன். மூன்று மாசம் தண்ணீரில் ஊறி அது பெருத்துப் போயிருக்கிறது. வெயிலில் காயவைத்தும் பார்த்தேன். அந்த வட்டத்துக்குள் நுழையமாட்டேன் என்கிறது. செருப்புக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

ரப்பர் தண்ணீரில் எத்தனை நாள் தாங்கும் என்று எனக்குத் தெரியாது. புதுப் பந்து வாங்க எழுதிப் போட்டிருக்கிறதாம், எப்போது வருமோ. பொந்தியான் வேலை முடிந்ததும் வா. ஈயம் அலமாரியில் இருக்கிறது என்றாயே, மறக்காமல் எடுத்து வா. வந்தால் நாலு மணி ரயிலுக்குத்தான் போக வேண்டும். சாப்பிட்டுவிட்டுப் போ.

பேச்சியம்மாள்